அரைநாணிலிருந்து முடிவிலாத் தொடர் வரை: ஆரியபட்டர் முதல் மாதவர் மரபு வரையிலான இந்தியக் கணித வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கணித அறிஞர்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் பெயர், காலம், கண்டுபிடிப்பு என்னும் பட்டியல் முறையிலேயே அமைகின்றன. அவ்வகை எழுத்தில் ஓர் அறிஞருக்கும் அவருக்கு அடுத்து வந்தவருக்கும் இடையிலான அறிவுத் தொடர்பு மறைந்துபோகிறது. இக்கட்டுரை ஒரே ஒரு கணிதச் சிக்கலை, அதாவது வட்டத்தின் வில்லுக்கும் அதன் அரைநாணுக்கும் உள்ள தொடர்பைக் கணிப்பது எப்படி என்பதை எடுத்துக்கொண்டு, கி.பி. 499 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை அது வளர்ந்த வழியைக் காட்டுகிறது. ஆரியபட்டரின் அட்டவணை, பிரம்மகுப்தரின் இடைச்செருகல் விதி, இரண்டாம் பாஸ்கரரின் கணநேர வேகம், மாதவர் மரபின் முடிவிலாத் தொடர்கள், யுக்திபாஷாவின் நிறுவல்கள் ஆகியன எண்வழிச் சான்றுகளுடன் விளக்கப்படுகின்றன. இம்மரபைக் குறித்த மிகைக் கூற்றுகளும் புறக்கணிப்பும் ஒருங்கே மதிப்பிடப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: அரைநாண், ஆரியபடீயம், இடைச்செருகல், சங்கமகிராம மாதவர், முடிவிலாத் தொடர், யுக்திபாஷா, வாக்கிய முறை.

1. முன்னுரை

இந்தியக் கணித வரலாற்றைப் பற்றி இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. இந்தியர் விதிகளை மட்டுமே தந்தனர், அவற்றுக்கான நிறுவலைத் தரவில்லை என்பது ஒன்று. இன்றைய கணிதத்தில் உள்ளவை யாவும் இந்தியாவில் முன்பே இருந்தன என்பது மற்றொன்று. எதிரெதிர்த் திசையில் நிற்பனவாகத் தோன்றினும், மூல நூல்களைப் படிக்காமலே முடிவுக்கு வருதல் இவ்விரண்டுக்கும் பொதுவான குறையாகும்.

இக்குறையைத் தவிர்க்க, அறிஞர்களை வரிசைப்படுத்துவதைவிட ஒரு சிக்கலைப் பின்தொடர்வது பயனுடையது. ஒரு சிக்கலை முன்னவர் எங்கே விட்டார், பின்னவர் எங்கிருந்து தொடங்கினார் என்று காணும்போது ஒவ்வொருவரின் பங்களிப்பும் தானே அளவிடப்பட்டுவிடும். அதற்கு ஏற்ற சிக்கல் வட்டத்தின் அரைநாண் ஆகும். இன்று பள்ளிக் கணிதத்தில் சைன் எனப்படுவது இதுவே.

2. வில், நாண், அம்பு

வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகவும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டை நாணாகவும், நாணின் நடுப்புள்ளிக்கும் வில்லின் நடுப்புள்ளிக்கும் இடைப்பட்ட கோட்டை அம்பாகவும் கண்டது இந்திய மரபு. கிரேக்க வானியலாளர் முழு நாணின் அளவையே அட்டவணைப்படுத்தினர். இந்திய வானியலாளர் இரு மடங்கு வில்லுக்குரிய நாணின் பாதியை எடுத்துக்கொண்டனர். செங்கோண முக்கோணத்தில் நேரடியாகப் பயன்படுவது இந்த அரைநாணே என்பதால் கணக்கீடு எளிதாயிற்று.

நாணைக் குறிக்கும் ஜீவா என்னும் வடசொல் அரபியில் ஜீபா என ஒலிபெயர்க்கப்பட்டது. உயிரொலிகளைக் குறிக்காத அரபு எழுத்துமுறையில் அது ஜைப் என்று படிக்கப்பட்டது. ஜைப் என்பதற்கு மடிப்பு, மார்பு என்று பொருள். இலத்தீனில் மொழிபெயர்த்தோர் அப்பொருளுக்கு நிகரான சைனஸ் என்னும் சொல்லை இட்டனர். இன்று உலகெங்கும் வழங்கும் சைன் என்னும் பெயர் இவ்வாறு ஒரு மொழிமாற்றப் பிறழ்ச்சியின் வழியே வந்ததாகும். தமிழ்ப் பாடநூல்கள் வில், நாண் என்னும் சொற்களை வட்ட வடிவியலில் வழங்கிவருவது, இக்கருத்தின் தொடக்க வடிவத்துக்கு மிக நெருங்கியதாகும்.

3. ஆரியபட்டர்: அட்டவணையும் அதன் விதியும்

கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கடந்தபோது தமக்கு 23 வயது என ஆரியபட்டர் குறித்துள்ளார். அக்காலம் கி.பி. 499 ஆகும், எனவே அவர் 476இல் பிறந்தவர். அவரது ஆரியபடீயம் 121 பாக்களால் ஆன சிறு நூல். அதன் கணிதப் பகுதி 33 பாக்களே கொண்டது.

20000 அலகு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62832 என்பது அந்நூல் தரும் அளவு. இதிலிருந்து பை மதிப்பு 3.1416 எனக் கிடைக்கும். இந்த எண்ணைவிடக் கருதத்தக்கது, அதனை ஆசன்னம், அதாவது நெருங்கிய மதிப்பு, என்று அவர் சுட்டியமையாகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நீலகண்ட சோமயாஜி இச்சொல்லுக்கு விளக்கம் எழுதினார். விட்டத்தை மீதியின்றி அளக்கும் எந்த அலகினாலும் சுற்றளவை மீதியின்றி அளக்க இயலாது. அலகைச் சிறிதாக்கினால் மீதியைக் குறைக்கலாமே தவிர இல்லாமற்செய்ய முடியாது என்பது அவர் விளக்கத்தின் சாரம். இது நிறுவப்பட்ட தேற்றம் அன்று. எனினும் பை ஒரு விகிதமுறா எண் என்னும் கருத்தின் தெளிவான கூற்றாக இது அமைகிறது. இதற்கான நிறுவலை 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் அளித்தார்.

வட்டத்தின் சுற்றளவை 21600 கலைகளாகக் கொண்டால் ஆரம் 3438 கலையாகும். இதன் அடிப்படையில் ஆரியபட்டர் கால்வட்டத்தை 225 கலை கொண்ட 24 பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் அரைநாண் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் அவர் தந்தார். அவ்வேறுபாடுகள் 225, 224, 222, 219, 215, 210, 205, 199 எனத் தொடங்கி 22, 7 என முடிகின்றன. முதல் எட்டையும் கூட்டினால் 1719 வரும். இது 30 பாகைக்குரிய அரைநாண், ஆரத்தின் சரிபாதி. இருபத்து நான்கையும் கூட்டினால் 3438, அதாவது முழு ஆரம் கிடைக்கும்.

இவ்வேறுபாடுகளைப் பெறுவதற்கு ஆரியபட்டர் தரும் விதியே அட்டவணையினும் ஆழமானது. அடுத்த வேறுபாட்டைப் பெற, இப்போதைய வேறுபாட்டிலிருந்து இதுவரை சேர்ந்த அரைநாணை 225ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். முதல் வேறுபாடு 225. சேர்ந்த அரைநாணும் 225. எனவே 225 − 1 = 224. இப்போது சேர்ந்தது 449. அதனை 225ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2. எனவே 224 − 2 = 222. சேர்ந்தது 671, வகுத்தால் ஏறத்தாழ 3. எனவே 219. முழு எண்ணாக்கும்போது சில இடங்களில் ஓர் அலகு மாறுபட்டாலும் விதியின் போக்கு மாறுவதில்லை. வேறுபாட்டின் வேறுபாடு அரைநாணுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதே இதன் பொருள். சைன் சார்பை இருமுறை வகையிட்டால் எதிர்க்குறியுடன் அதே சார்பு வரும் என்னும் இன்றைய முடிவின் முழுஎண் வடிவம் இது. பின்வந்த ஆயிரம் ஆண்டு வளர்ச்சிக்கு வித்து இவ்விதியிலேயே உள்ளது.

4. இடைப்பட்ட மதிப்புகள்: பிரம்மகுப்தரும் முதலாம் பாஸ்கரரும்

அட்டவணையில் இல்லாத ஒரு கோணத்திற்கு அரைநாணைக் காண்பது எவ்வாறு என்பது அடுத்து எழுந்த வினா. இதற்கு ஏழாம் நூற்றாண்டில் இரு வேறு விடைகள் கிடைத்தன.

முதலாம் பாஸ்கரர் தம் மகாபாஸ்கரீயத்தில் அட்டவணையே தேவைப்படாத ஒரு விதியைத் தருகிறார். கோணத்தை 180இலிருந்து கழித்து, அம்மீதியைக் கோணத்தால் பெருக்குக. இப்பெருக்கற்பலனின் நான்கு மடங்கை, 40500இலிருந்து அதே பெருக்கற்பலனைக் கழித்து வந்த எண்ணால் வகுக்க. 30 பாகைக்குப் பெருக்கற்பலன் 4500. விடை 18000 / 36000, அதாவது 0.5. 90 பாகைக்கு விடை 1. 45 பாகைக்கு 0.7059 வரும், உண்மை மதிப்பு 0.7071. ஒரு வளைவுச் சார்பை இத்துணை எளிய பின்னத்தால் தோராயப்படுத்தியது வியப்புக்குரியது.

பிரம்மகுப்தரின் வழி வேறு. பூச்சியத்திற்கும் குறையெண்களுக்கும் விதி வகுத்த பிரம்மஸ்புட சித்தாந்தத்தை 628இல் இயற்றிய அவர், 665ஐத் தொடக்கமாகக் கொண்ட கண்டகாத்யகத்தில் ஓர் இடைச்செருகல் விதியைத் தந்தார். அங்கு ஆரம் 150. இடைவெளி 15 பாகை. வேறுபாடுகள் 39, 36, 31, 24, 15, 5. 57 பாகைக்கு அரைநாண் வேண்டும் எனக் கொள்வோம். 45 பாகை வரை சேர்ந்தது 106. மீதி 12 பாகை, இடைவெளியில் 0.8 பங்கு.

வெறும் விகித முறையில் அடுத்த வேறுபாடான 24இன் 0.8 பங்கைக் கூட்டினால் 125.20 வரும். பிரம்மகுப்தரோ கடந்த வேறுபாடு 31, வரும் வேறுபாடு 24 ஆகிய இரண்டையும் கணக்கில் கொள்கிறார். அவற்றின் சராசரி 27.5. அவற்றின் வித்தியாசத்தில் பாதியான 3.5இன் 0.8 பங்கு 2.8. இதனைச் சராசரியிலிருந்து கழித்தால் 24.7. இதன் 0.8 பங்கு 19.76. ஆகவே விடை 125.76. இன்றைய கணக்கின்படி மதிப்பு 125.80. வேறுபாடு மாறும் வேகத்தையும் கணக்கில் சேர்த்ததனால் பிழை பதினைந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இரண்டாம் படி இடைச்செருகல் என இன்று அறியப்படும் முறை இதுவாகும்.

5. இரண்டாம் பாஸ்கரர்: கணநேர வேகம்

1114இல் பிறந்து 1150இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரரின் காலத்தில் வினா மேலும் நுட்பமாகியது. கோள் ஒன்றின் இன்றைய நிலைக்கும் நாளைய நிலைக்கும் உள்ள வேறுபாடு ஒரு நாளின் வேகம். ஆனால் சந்திரன் விரைந்து இயங்குவதால் ஒரு நாளுக்குள்ளேயே அதன் வேகம் மாறுகிறது. எனவே குறிப்பிட்ட கணத்தின் வேகம், அதாவது தாத்காலிக கதி, தேவைப்படுகிறது. அரைநாணின் அக்கணத்து மாற்றம் கொசைனுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்னும் முடிவை அவர் இங்குப் பயன்படுத்துகிறார். பத்தாம் நூற்றாண்டு மஞ்சுளரிடமும் இம்முடிவின் முன்வடிவம் காணப்படுகிறது. மாறும் அளவு ஒன்று பெரும மதிப்பை எட்டும் இடத்தில் அதன் கணநேர மாற்றம் இல்லையாகும் என்பதனையும் பாஸ்கரர் உணர்ந்திருந்தார்.

இதனை வகைநுண்கணிதம் என்று பெயரிடுவது மிகையாகும். ஒரு குறிப்பிட்ட சார்புக்கு, ஒரு குறிப்பிட்ட வானியல் தேவைக்காகப் பெறப்பட்ட முடிவு இது. ஆயினும் அளவிடப்பட்ட கால இடைவெளியை விடுத்துக் கணத்தைப் பற்றிச் சிந்திக்கும் துணிவு இங்கே தோன்றிவிட்டது.

6. சங்கமகிராம மாதவரும் முடிவிலாத் தொடர்களும்

ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்தவராகக் கருதப்படும் மாதவர் கேரளத்துச் சங்கமகிராமத்தைச் சேர்ந்தவர். இவ்வூரை இரிஞ்ஞாலக்குடாவுடன் இணைத்துக் காண்பது வழக்கம். வேண்வாரோகம் முதலான அவரது வானியல் நூல்கள் கிடைத்துள்ளன. ஆனால் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த தொடர்கள் அவர் இயற்றிய தனி நூலாகக் கிடைக்கவில்லை. பரமேசுவரர், தாமோதரர், நீலகண்ட சோமயாஜி, ஜ்யேஷ்டதேவர், சங்கர வாரியர் எனத் தொடர்ந்த ஆசிரிய மாணவர் மரபின் நூல்களில் அவர் பெயரால் சுட்டப்பட்டே அவை நமக்கு வந்துள்ளன. எனவே இவற்றை மாதவர் மரபின் முடிவுகள் எனக் குறிப்பதே ஆய்வு நெறிக்கு ஏற்றது.

6.1 சுற்றளவுத் தொடர்

பை மதிப்பின் கால்பங்கு 1 − 1/3 + 1/5 − 1/7 + … என முடிவின்றி நீளும் தொடருக்குச் சமம். எளிய வடிவம் கொண்ட இத்தொடருக்கு ஒரு பெருங்குறை உண்டு. பத்து உறுப்புகள் வரை கூட்டினாலும் பை மதிப்பு 3.0418 என்றே வரும். நடைமுறைக் கணக்குக்கு இது பயன்படாது. இம்மரபினர் இக்குறையை அறிந்திருந்தனர். தொடரை ஓரிடத்தில் நிறுத்தியபின் சேர்க்கவேண்டிய திருத்த உறுப்புகள் மூன்றை அவர்கள் படிப்படியாகத் தந்துள்ளனர். பத்து உறுப்புகளுக்குப் பின் நிறுத்தினால் கால்பங்குடன் சேர்க்கவேண்டியவையும், அவற்றால் கிடைக்கும் பை மதிப்பும் பின்வருமாறு:

திருத்தம் இன்றி: 3.0418396
முதல் திருத்தம், 1/40: 3.1418396
இரண்டாம் திருத்தம், 10/401: 3.1415902
மூன்றாம் திருத்தம், 101/4050: 3.1415927

பையின் உண்மை மதிப்பு ஏழு தசம இடங்களுக்கு 3.1415927 ஆகும். பத்தே உறுப்புகளைக் கொண்டு ஏழு இடத் திருத்தம் எட்டப்படுகிறது. ஒரு தொடரைக் கண்டுபிடிப்பது ஒன்று. அதனை நிறுத்தும்போது விடுபடும் பகுதி எவ்வளவு என மதிப்பிடுவது மற்றொன்று. இரண்டாவது பணியே இம்மரபின் முதிர்ச்சிக்குச் சிறந்த சான்றாகும்.

விரைந்து குவியும் வேறு தொடர்களும் இம்மரபில் உண்டு. மாதவருடையதாகச் சுட்டப்படும் ஓர் அளவின்படி, 900000000000 அலகு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 2827433388233 ஆகும். இது பை மதிப்பைப் பதினொரு தசம இடங்கள் வரை சரியாகத் தருகிறது.

6.2 அரைநாண் தொடர்

வில்லின் அளவை நேரடியாகக் கொண்டு அரைநாணைத் தரும் தொடரும் மாதவர் பெயரால் வழங்குகிறது. வில்லிலிருந்து அதன் மூன்றாம் படியை ஒட்டிய உறுப்பைக் கழித்து, ஐந்தாம் படியை ஒட்டியதைக் கூட்டி, ஏழாம் படியை ஒட்டியதைக் கழித்துச் செல்வது அதன் முறை. கணக்கிடுவோர் நினைவில் கொள்வதற்காகக் கால்வட்டத்துக்குரிய உறுப்புகள் கடபயாதி எழுத்தெண் முறையில் பொருளுள்ள சொற்றொடர்களாக ஆக்கப்பட்டன. எடுத்துக்காட்டாக, வித்வான் என்னும் சொல் 44 என்னும் எண்ணைக் குறிக்கும். வகரத்துக்கு மதிப்பு 4. கூட்டெழுத்தில் இறுதி மெய்க்கே மதிப்பு உண்டு.

கலை, அதன் அறுபதில் ஒன்றான விகலை, அதன் அறுபதில் ஒன்றான தற்பரை ஆகிய அலகுகளில் இவ்வெண்களைக் கொண்டு 90 பாகைக்குரிய அரைநாணைக் கணிக்கலாம்.

வில்: 5400 கலை
கழிக்க: 2220 கலை 39 விகலை 40 தற்பரை
கூட்டுக: 273 கலை 57 விகலை 47 தற்பரை
கழிக்க: 16 கலை 5 விகலை 41 தற்பரை
கூட்டுக: 33 விகலை 6 தற்பரை
கழிக்க: 44 தற்பரை
விடை: 3437 கலை 44 விகலை 48 தற்பரை

90 பாகைக்குரிய அரைநாண் ஆரத்துக்குச் சமம். மாதவர் மரபு கொண்ட ஆரமும் இம்மியும் பிசகாமல் 3437 கலை 44 விகலை 48 தற்பரையே. ஆரியபட்டரின் 3438 என்னும் முழுஎண் இங்கே 3600 மடங்கு நுண்மை பெற்றுள்ளது. கூட்டல் கழித்தல் மட்டும் அறிந்த எவரும் இதனைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இத்துணை நுண்மை வானியலுக்குத் தேவைதானா என்பது இங்கு எழவேண்டிய வினா. சந்திரன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரைப் பாகை நகர்கிறது. எனவே ஒரு கலைப் பிழை ஏறத்தாழ இரண்டு நிமிடக் காலப் பிழையாகும். வெறுங்கண்ணால் ஒரு கலைக்கும் குறைந்த இடைவெளியைப் பிரித்தறிதல் அரிது. தற்பரையோ கலையின் 3600இல் ஒரு பங்கு. கிரகண நேரத்தைக் கணிக்க இத்தகைய நுண்மை வேண்டியதில்லை. ஆகவே இந்தியக் கணிதம் பஞ்சாங்கத் தேவைக்காக மட்டுமே வளர்ந்தது என்னும் கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. தேவையில் தொடங்கிய வினா ஒரு கட்டத்தில் அறிவு வேட்கையாக மாறியதை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

7. யுக்திபாஷா: தாய்மொழியில் நிறுவல்

ஏறத்தாழ 1530ஐச் சார்ந்ததாகக் கருதப்படும் யுக்திபாஷா ஜ்யேஷ்டதேவரால் மலையாள உரைநடையில் எழுதப்பட்டது. விதிகளைச் சுருங்கிய வடமொழிப் பாக்களில் தருவது பொது வழக்காக இருந்த காலத்தில், அவ்விதிகள் ஏன் சரி என்பதை வட்டார மொழியில் படிப்படியாக விளக்கிய நூல் இது. நிறுவல் இல்லாத கணிதம் என்னும் குற்றச்சாட்டுக்கு இந்நூலே நேர் மறுப்பாகும்.

சுற்றளவுத் தொடருக்கு அது தரும் நிறுவலின் போக்கு பின்வருமாறு. வட்டத்தைச் சூழ ஒரு சதுரம் வரையப்படுகிறது. சதுரத்தின் அரைப்பக்கம் ஆரத்துக்குச் சமம். அது வட்டத்தின் எட்டில் ஒரு பங்குக்கு எதிரே அமைகிறது. அவ்வரைப்பக்கம் மிகப் பல சமக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிப்புப் புள்ளியும் மையத்துடன் கர்ணத்தால் இணைக்கப்படுகிறது. வடிவொத்த முக்கோணங்களின் துணையால், ஒவ்வொரு கூறுக்கும் எதிரே உள்ள சிறு வில், அக்கூற்றினை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்ததற்கு ஏறத்தாழச் சமம் எனக் காட்டப்படுகிறது. கூறுகள் சிறுக்கச் சிறுக்கப் பிழையும் சிறுக்கும்.

அடுத்து, கர்ண வர்க்கத்தால் வகுத்தலைத் தவிர்க்க, ஆர வர்க்கத்தாலேயே மீண்டும் மீண்டும் வகுத்துத் திருத்தும் ஒரு முறை பின்பற்றப்படுகிறது. இம்முறை முடிவின்றித் தொடர்வதால் வகுத்தல் ஒரு முடிவிலாப் பெருக்குத் தொடராக விரிகிறது. இறுதியில் முதல் எண் தொடங்கி அடுத்தடுத்த எண்களின் வர்க்கங்களையும், நான்காம் படிகளையும், ஆறாம் படிகளையும் கூட்டவேண்டிய நிலை வருகிறது. எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது வர்க்கங்களின் கூடுதல் இறுதி எண்ணின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். நான்காம் படிகளின் கூடுதல் ஐந்தாம் படியில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். தொடரில் 1/3, 1/5 என வரும் பின்னங்கள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன.

இந்நெருக்கத்தை எண்களால் உணரலாம். 1 முதல் 10 வரையிலான எண்களின் வர்க்கக் கூடுதல் 385. பத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைப்போல் இது 1.155 மடங்கு. 100 வரை சென்றால் 1.015 மடங்கு. 1000 வரை சென்றால் 1.0015 மடங்கு. இவ்விகிதம் 1ஐ நெருங்கிச் செல்வதை யுக்திபாஷா எல்லாப் படிகளுக்கும் பொதுவான வாதமாக விளக்குகிறது. முந்தைய படியின் முடிவைக் கொண்டு அடுத்த படியை நிறுவும் அவ்வாதம், கணிதத் தொகுத்தறிதலை ஒத்தது. தொகைநுண்கணிதத்தின் மைய முடிவுகளுள் ஒன்று இவ்வாறு எட்டப்பட்டுள்ளது.

8. வாக்கிய முறையும் தமிழகத் தொடர்பும்

இம்மரபுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு வாக்கிய முறையின் வழியே அமைகிறது. சந்திரன் புவியண்மை நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். இத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாள்களில் நிறைவடைகின்றன. அந்த 248 நாள்களுக்கும் சந்திரனின் நிலையைச் சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்யும் முறையை மரபு வரருசியுடன் இணைக்கிறது. கலை அளவில் இருந்த அவ்வாக்கியங்களை மாதவர் விகலை அளவுக்குத் திருத்தினார்.

ஏறத்தாழ 1300ஐச் சார்ந்த வாக்கியகரணம் தென்னாட்டில் இம்முறையைத் தொகுத்துரைத்த நூல். அதற்கு உரை எழுதிய சுந்தரராசர் தமிழகத்தைச் சேர்ந்தவர். நீலகண்ட சோமயாஜியிடம் வானியல் ஐயங்களை எழுப்பி விடைபெற்றவர். தமிழகத்தில் இன்றும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்னும் இரு பிரிவுகள் நிலவுவதன் வரலாற்று வேர் இங்கே உள்ளது. 1825இல் சென்னையில் வெளியான கால சங்கலித நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களின் துணையால் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்துள்ளார். இப்பதிவை ஆராய்ந்த அறிவியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நொய்கபவர் 1952இல் தமிழ் வானியல் குறித்துத் தனிக் கட்டுரை எழுதினார்.

காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற தமிழ்க் கணக்கு நூல்கள் நிலம், நெல், பொன் முதலியவற்றின் அளவையை மையமாகக் கொண்ட வேறொரு மரபைச் சார்ந்தவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் இரண்டையும் புரிந்துகொள்ளத் தடையாகும்.

9. மதிப்பீடு

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக மலபாரில் பணியாற்றிய சார்லஸ் விஷ், இத்தொடர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1830களில் இலண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1940களில் சென்னையைச் சார்ந்த கணிதப் பேராசிரியர் சி. தி. இராசகோபால் முதலியோர் எழுதிய கட்டுரைகளும், 1948இல் திருச்சூரில் வெளியான யுக்திபாஷாவின் கணிதப் பகுதிப் பதிப்பும் ஆய்வுலகின் கவனத்தைத் திருப்பின. கே. வி. சர்மாவின் சுவடிப் பதிப்புகள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. அவரது மொழிபெயர்ப்புடன் கூடிய யுக்திபாஷா 2008இல் வெளிவந்தது.

ஐரோப்பாவில் கிரிகரியும் லைபினிட்சும் சுற்றளவுத் தொடரை 1670களிலும், நியூட்டன் சைன் தொடரை 1660களிலும் கண்டனர். மாதவர் மரபு இவற்றுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் முற்பட்டது என்பதும் மூலமானது என்பதும் ஒன்றல்ல. கேரளத்திலிருந்து இம்முடிவுகள் ஐரோப்பாவுக்குச் சென்றன என்பதற்கு நேரடி ஆவணச் சான்று இதுவரை கிடைக்கவில்லை. அவ்வாறே, சார்பு என்னும் பொதுக் கருத்தும், வகையிடலும் தொகையிடலும் ஒன்றற்கொன்று எதிர்ச்செயல் என்னும் அடிப்படைத் தேற்றமும் மாதவர் மரபில் காணப்படவில்லை. எனவே நுண்கணிதம் முழுமையும் கேரளத்தில் உருவானது என்பது மிகைக் கூற்று. நுண்கணிதத்தின் இன்றியமையாக் கூறுகளான முடிவிலாத் தொடர் விரிவு, எல்லையை நெருங்கும் கூட்டல், விடுபடும் பகுதியின் மதிப்பீடு ஆகியன நிறுவலுடன் இங்கே எட்டப்பட்டன என்பது சான்றுள்ள கூற்று. மிகைக் கூற்றைத் தவிர்ப்பதனால் இம்மரபின் பெருமை சிறிதும் குறைவதில்லை. மாறாக, அதன் தனித்தன்மை தெளிவாகிறது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• அரைநாண் கணிதத்தின் ஆயிரம் ஆண்டு வரலாறு தனித்தனிக் கண்டுபிடிப்புகளின் தொகுப்பு அன்று. ஆரியபட்டரின் வேறுபாட்டு விதியிலிருந்து படிப்படியாக விரிந்த ஒரே சிந்தனைப் போக்கு.

• மாதவர் மரபின் எண்நுண்மை வானியல் தேவையின் எல்லையைக் கடந்தது. எனவே பயன்பாட்டுக் கணிதம் என்னும் ஒற்றை அடையாளம் இதற்குப் பொருந்தாது.

• யுக்திபாஷா இருக்கும்வரை இந்தியக் கணிதத்தில் நிறுவல் இல்லை என்னும் கருத்து நிலைபெறாது.

• முற்பட்ட தன்மைக்குச் சான்று உண்டு. பரவலுக்கு ஆவணச் சான்று இல்லை. ஆய்வாளர் இவ்விரண்டையும் பிரித்தே எழுதவேண்டும்.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் காலத்தின் மிக உயர்ந்த கணிதத்தைத் தம் மக்கள் பேசும் மொழியில், நிறுவலோடு, உரைநடையில் எழுத முன்வந்தார். உயர்கணிதத்தைத் தமிழில் எழுதவும் கற்பிக்கவும் இயலுமா என்று இன்றும் தயங்கும் நமக்கு அந்நூல் கணித வரலாற்றுச் சான்று மட்டுமன்று. ஒரு வழிகாட்டியும் ஆகும். சுவடி நூலகங்களில் உள்ள வாக்கிய மரபுச் சுவடிகளைக் கணிதம் அறிந்தோரும் சுவடியியல் அறிந்தோரும் இணைந்து பதிப்பிப்பது அவ்வழியில் எடுத்துவைக்கவேண்டிய அடுத்த அடியாகும்.